வெறுங்காலோடு மூன்று சுற்று

இறைவனின் திருவடியைப் பாடியே வயிறு வளர்த்தவன் நான். எந்தப் பதிகத்தை எடுத்தாலும் அது எங்கோ ஓரிடத்தில் அவன் காலில் போய் விழாமல் முடியாது. சேவடி என்றும் தாள் என்றும் கழல் என்றும் மலரடி என்றும் பாடிப் பாடித் தொண்டை தேய்ந்தவன். ஆயினும் மனிதனுக்கும் கால் என்று ஒன்று உண்டு, அது சுடும், நசுங்கும், முறியும் என்பதை எனக்கு உறைக்கும்படி சொன்னவர் ஒரு மாட்டு வைத்தியர். அவரை நினைக்கும்போது முதலில் அன்புதான் வருகிறது. அதன் முதுகைத் தள்ளிக்கொண்டு உடனே கோபமும் வந்துவிடுகிறது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று எந்தச் சன்னிதியிலும் நான் வேண்டிக்கொண்டதும் இல்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம் அது. தருமபுரிப் பக்கம் முழுவதும் அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. நான் பென்னாகரத்தில் சிவன் கோயில் ஓதுவாராக இருந்தேன். அவர் அங்கே சர்க்கார் கால்நடை வைத்தியர். காட்டோரத்து ஊர்கள் அத்தனைக்கும் அவர் ஒருவரே. பட்டாளத்தார் கழித்துக் கொடுத்த மோட்டார் சைக்கிள் ஒன்றை அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதன் ஓசை மலையில் மோதித் திரும்பும்போது மேய்கிற மாடுகள் தலை தூக்கிப் பார்க்கும். எதிரே நிற்கும்போது ஜனங்கள் அவரை ‘டாக்டருங்க’ என்பார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் ‘பூட்ஸ்காரரு’ என்பார்கள்.

யாரைக் கண்டாலும் அவர் கண் முதலில் போவது அவர்களுடைய காலுக்கு. கோயிலுக்கு வரும் பெண்டிர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, “நல்ல மனுசன், நிமிந்து பாக்கறதே இல்ல” என்று மெச்சிக்கொண்டார்கள். அவர் பார்த்தது பித்தவெடிப்பையும், முள் குத்திப் புரையோடிய குதிகாலையும், வண்டிச் சக்கரம் ஏறிக் கறுத்த நகத்தையும். பார்த்ததும் அவருக்குச் சினம் பொங்கும். சந்தையென்றும் சாலையென்றும் பாராமல் அங்கேயே நின்று இரைவார்.

“எருதுக்கு மட்டும் லாடம் அடிக்கத் தெரியுது? கல்லு ரோட்டுல அது தேயும்னு தெரியுது? நீயும் அதே ரோட்டுலதான நடக்கறே?”

“நமக்கு என்னங்க, பழகின காலு” என்பான் வண்டிக்காரன்.

“எருதும் பழகினதுதான். அது பேசாது, நீ பேசறே. அதான் வித்தியாசம்.”

ஒரு முறை, பென்னாகரம் சந்தையில், மண்டிக்காரர் ஒருவரின் மகன் பெங்களூரிலிருந்து புதிதாக வாங்கி வந்த மோட்டார் சைக்கிளின் மேல் அமர்ந்திருந்தான். மல் வேட்டி, ஜரிகைத் துண்டு, காலில் வெல்வெட்டுச் செருப்பு. கூட்டம் சூழ்ந்து நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. வைத்தியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

“எங்க கெளம்பிட்டே?”

“ஒகேனக்கலுக்குங்க. கூட்டாளிங்க காத்திருக்கறாங்க.”

“இந்தக் காலோடயா?”

“எனக்கு இருக்கறது இந்தக் காலுதானுங்களே.”

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “அப்ப அதை வூட்டுல வெச்சுட்டுப் போ. பத்திரமா இருக்கும்” என்றார். பிறகு குந்தி அமர்ந்து, வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் விரலால் தொட்டுத் தொட்டு அவனைக் கடிந்தார். “இது பொகை போற குழாயி. ஓடற வண்டியில இதுல தண்ணி தெளிச்சா சுர்ருங்கும். உன் கணுக்காலு எங்க வருது பாரு, சரியா இதுக்கு நேரா. இது உதைக்கற கட்டை. எஞ்சினு முரண்டு பண்ணுச்சுன்னா திருப்பி உதைக்கும். வெல்வெட்டைப் பாத்து மரியாதை குடுக்காது. இந்தச் செருப்புக்குக் குதிகால்ல வாரு இருக்குதா? காத்துல பறந்து போயி சங்கிலியில மாட்டும். அப்புறம் நீ ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.”

அந்த இளைஞன் கைகூப்பிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெல்வெட்டுச் செருப்போடேயே பல ஆண்டுகள் ஓட்டினான். இப்போது பேரப்பிள்ளைகளோடு சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி. அதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். தீங்கு யாருக்கு வர வேண்டும் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. ஆனால் அது யார்மேல் வந்து விழுந்தது என்பதைக் கண்ணால் கண்ட பிறகு, வாய்மூடி இருக்கவும் என்னால் முடியவில்லை.

அவர் அணிந்த பூட்ஸ் கடையில் வாங்கி அப்படியே மாட்டிக்கொண்டது அல்ல. அதன் பின்னே ஒரு பெரும் ஆராய்ச்சியே இருந்தது. முதலில் நாட்டுச் செருப்போடு ஓட்டிப் பார்த்தாராம். முதல் மேட்டிலேயே அது கழன்று புதருக்குள் போயிற்று. கித்தான் துணியில் தைத்த ஜோடு மழையில் ஊறிக் கனத்தது. முழங்கால்வரை ஏறும் குதிரைச் சவாரிப் பூட்ஸை ஒரு துரையிடமிருந்து வாங்கி அணிந்தபோது, கியரை விரல் தொடுகிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. கடைசியில் சேலத்தில் ஏலத்துக்கு வந்த பட்டாளத்துப் பூட்ஸ் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து தருமபுரிக் கடைத்தெருவில் தோல் தைப்பவர் ஒருவரிடம் கொடுத்தார். அன்று நானும் உடன் இருந்தேன்.

“அடியில இருக்கற ஆணியெல்லாம் புடுங்குங்க. மிதிகட்டை இரும்பு; இரும்பு மேல இரும்பு வெச்சா வழுக்கும். அதுக்குப் பதிலா டயரு தோலு வெச்சுத் தைங்க.”

“சரிங்க.”

“இந்தக் கயிறு வேணாம். உதைக்கற கட்டையில போயி சிக்கும். வெளிப்பக்கமா ஒரு வாரு, ஒரு பக்கிள்.”

“சரிங்க.”

“கியரு தூக்கற எடத்துல, பெருவெரலு மேல, ரெண்டு மடிப்பு. கணுக்காலு எலும்புல உள்ளாற கம்பளி. வெரலு உள்ள அசையணும், குதிகாலு அசையக் கூடாது.”

தைப்பவர் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “டாக்டருங்க, இத்தினியும் வெச்சுத் தெச்சா, இது காலுல போடறதா, இதுக்குள்ள குடி போறதா?”

“குடிதான் போறேன். வாடகை எவ்வளவுன்னு சொல்லுங்க” என்றார் அவர். அன்று ஒரு முறைதான் அந்த முகத்தில் குறும்பு கண்டேன்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதியமான்கோட்டையில் ஒரு விழாவுக்குப் பாடப் போய்க்கொண்டிருந்தேன். கரியில் ஓடும் பஸ் ஒரு மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. வெயிலில் நின்றவனை நோக்கி அவர் வண்டி வந்து நின்றது. ஆவலோடு பின்னிருக்கையில் கை வைத்தேன். அவர் பார்வை என் காலில் நின்றது.

“ஏறாதீங்க ஓதுவாரே.”

“ஏன் ஐயா?”

“வெறுங்காலு என் வண்டியில ஏறாதுங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தச் சாமிக்கு யாரு பதில் சொல்றது?”

தோலை மிதிப்பதில்லை என்பது என் நோன்பு. சொன்னேன். அவர் சற்று யோசித்தார். “அப்ப நடங்க” என்று சொல்லிவிட்டுப் புழுதி பறக்கப் போயே போய்விட்டார். அன்று நான் அவரை மனத்தால் என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன்; நெற்றியில் திருநீற்றோடு சொல்லத்தக்க சொற்கள் அவை அல்ல. சில நாட்கள் கழித்துக் கோயில் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு ஜோடு இருந்தது. கூடாரத் துணியை மடித்து மடித்துத் தைத்து, அடியில் டயர் வைத்து, கணுக்கால்வரை பஞ்சு பொதிந்திருந்தது.

“ஒரு துளி தோலு இல்லீங்க. நூலுகூடப் பருத்தி. உங்க நோம்பும் கெடாது, உங்க காலும் கெடாது.”

அதன் பிறகு பல ஊர்களுக்கு அவருடைய வண்டியின் பின்னால் அமர்ந்து நான் பாடப் போனேன். வழியெல்லாம் அவர் கோபப்படுவார், நான் பாடுவேன். காற்றில் இரண்டும் ஒன்றாகக் கரையும்.

அவருடைய இன்னொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் எல்லையிலேயே வண்டியை நிறுத்துவார். பூட்ஸைக் கழற்றி வண்டியில் தொங்கவிட்டு, மருந்து நீரில் காலைக் கழுவிக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே நடப்பார். ஓர் ஊரின் மாட்டு நோவைத் தாமே இன்னோர் ஊருக்குச் சுமந்துபோய்விடக் கூடாது என்று அவருக்கு அச்சம். எல்லைக்குள் செருப்பு ஆகாது என்று அம்மன் பேரில் கட்டுப்பாடு வைத்திருந்த ஊர்களை அவர் மெச்சியே பேசினார். “நல்ல வழக்கமுங்க. எவன் கண்டுபுடிச்சானோ, அறிவாளி” என்பார். அவரைப் பூட்ஸ் திமிர் பிடித்தவர் என்று பிற்பாடு தூற்றினார்களே, அவர்கள் யாரும் இதைக் கவனித்ததில்லை.

இனி அந்த ஊருக்கு வருகிறேன். பென்னாகரத்துக்கு அப்பால், காட்டை ஒட்டிய ஊர். பெயரை எழுத மாட்டேன். அங்கே இன்று பிறந்து விளையாடும் குழந்தைகள் எந்தப் பாவமும் அறியாதவர்கள்.

அந்த ஆண்டு வெக்கை நோய் மாடுகளை வாரிக்கொண்டு போயிற்று. கண்ணில் நீர் வடியும், வாய் புண்ணாகும், கழிந்து கழிந்து மாடு படுத்துவிடும், எழாது. நோய் நீங்க அம்மனுக்குக் காப்புக் கட்டி விழா எடுத்தார்கள். பதிகம் பாடும்படி என்னையும் அழைத்திருந்தார் ஊர்ப் பெரியதனக்காரர். அங்கே அவர் சொல்தான் சட்டம். நல்ல பருமனான உடல், மென்மையான குரல். கடுஞ்சொல் சொல்லவே மாட்டார். சொல்லத் தேவை வந்ததில்லை.

முற்பகலில் வைத்தியர் வந்தார். வழக்கம்போல் எல்லைக்கல் அருகே வண்டியை நிறுத்தினார்; பூட்ஸைக் கழற்றினார்; காலைக் கழுவினார். தோளில் ஒரு பிளாஸ்க். அதற்குள் சேலத்திலிருந்து பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்த தடுப்பு மருந்து.

“மாட்டையெல்லாம் ஒரு எடத்துல கட்டச் சொல்லுங்க பெரியவரே. மருந்து ஐஸுல இருக்குது. கரைஞ்சா வீணாப் போயிரும்.”

“கட்டலாம். மொதல்ல வண்டி உள்ள வரட்டுங்க. அம்மன் கோயிலை மூணு சுத்து சுத்தட்டும்” என்றார் பெரியதனக்காரர்.

“வண்டி எதுக்குங்க?”

“பக்கத்து ஊருல சுத்துனீங்களே. டபடபன்னு சத்தமும் பொகையுமா வண்டி சுத்துச்சு, மறுநாளு நோவு நின்னுபோச்சுன்னு சொன்னாங்க.”

“அங்க எல்லைக்கு வெளிய வழி தெரியாமச் சுத்துனேனுங்க!”

யாரும் சிரிக்கவில்லை. ஊர் முழுவதும் திரண்டு, அந்த வண்டி நோவை விரட்டும் வாகனம் என்று உறுதியாக நம்பிக்கொண்டு நின்றது. பக்கத்து ஊரில் அவர் போட்ட ஊசியை எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். வண்டி சுற்றியதை எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள்.

“சத்தத்துக்குப் பறக்கறதுக்கு நோவு என்னங்க, காக்காயா?”

“உங்க ஊசிய நாங்க நம்பறோம்ல டாக்டரு. எங்க சுத்தை நீங்க நம்பக் கூடாதா?”

“சரிங்க, சுத்தறேன். அதனால எனக்கு ஒண்ணும் கொறைஞ்சுடாது” என்று சொல்லிப் பூட்ஸை எடுக்கத் திரும்பினார்.

“அதெப்படிங்க? எல்லைக்குள்ள அது ஆகாதுங்களே.”

“நடக்கணும்னா வெறுங்காலோட நடக்கறேன். ஓட்டணும்னா பூட்ஸோட ஓட்டறேன். ரெண்டுல எது வேணும்னு சொல்லுங்க.”

“ஓட்டுங்க. வெறுங்காலோட ஓட்டுங்க.”

“இல்லீன்னா மாட்டை எல்லைக்கு வெளிய ஓட்டியாங்க. அங்கயே ஊசி போட்டுட்டுப் போயிர்றேன்.”

“காப்புக் கட்டியாச்சுங்க. ஆடு மாடு எல்லை தாண்டாது.”

நான் இடையே புகுந்தேன். “அந்த வண்டி இருக்கையே தோல்தானே? அம்மன் முன்னே முழங்குகிற பம்பை எதனால் ஆனது?” என்று கேட்டேன்.

“அது அடிக்கறது சாமி. இது மிதிக்கறது.”

“செருப்பணிந்த காலோடு இறைவன் முன் நின்ற வேடரை அடியார் வரிசையில் வைத்துக் கும்பிடுகிறோமே. அந்தக் காலை இறைவன் வெறுத்தானா?”

பெரியதனக்காரர் என்னைப் பார்த்து இரக்கத்தோடு புன்னகை செய்தார். “பாட்டுல இருக்கறது பாட்டுல இருக்கட்டும் ஓதுவாரே. இது ஊரு.”

வாழ்நாளில் எத்தனையோ பேர் என்னை இகழ்ந்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லைப்போல எதுவும் என்னைச் சுட்டதில்லை. நான் அன்றாடம் உருகி உருகிப் பாடியதெல்லாம் கோயில் மதிலுக்குள்ளே வைத்துப் பூட்டப்பட வேண்டிய பொருள் என்று, அதையே பாட என்னை அழைத்தவர் சொன்னார். எல்லைக்கல் அருகே கழற்றி வைத்திருந்த என் துணி ஜோட்டை எடுத்து நீட்டினேன். “இதில் தோல் இல்லை, இதையாவது அணியட்டும்” என்றேன். துணியோ தோலோ, காலில் எதுவும் ஆகாது என்றார்கள்.

அப்போது கூட்டத்திலிருந்து மாதம்மாள் முன்னே வந்தாள். கணவனை இழந்தவள், தானே ஏர் பிடித்து உழுபவள். “ஐயா, எனக்கு இருக்கறது ஒரு சோடி எருது. ஒண்ணு காலையில இருந்து தண்ணி குடிக்கல. அதுங்களும் போச்சுன்னா நானும் எம் புள்ளைங்களும்தான் நுகத்தடியில கழுத்தைக் குடுக்கணும்” என்றாள். அவள் யாரையும் குறை கூறவில்லை, கெஞ்சவும் இல்லை. உள்ள நிலையைச் சொன்னாள்.

“நோவு கண்டதுக்கு இந்த மருந்து உதவாதும்மா. இன்னும் காணாததைக் காப்பாத்தும்” என்றார் அவர்.

“அப்ப இன்னொண்ணைக் காப்பாத்துங்க.”

அவர் பிளாஸ்கைக் காதோரம் வைத்துக் குலுக்கினார். பனிக்கட்டி ஒலி மெலிந்திருந்தது. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு வண்டியில் ஏறினார். ஏறும்போது என்னைப் பார்த்து, “பாடாதீங்க ஓதுவாரே. எஞ்சினு சத்தம் எனக்குக் கேக்கணும்” என்றார்.

முதல் சுற்று நன்றாகவே போயிற்று. பம்பை முழங்கியது. இரண்டாம் சுற்றில், வாகனம் வரும் பாதை குளிர வேண்டும் என்று பெண்கள் குடம் குடமாக மஞ்சள் நீரை ஊற்றினார்கள். “ஊத்தாதீங்க! வழுக்கும்!” என்று அவர் கத்தியது அந்த முழக்கத்தில் எவர் காதிலும் விழவில்லை. மூன்றாம் சுற்றின் திருப்பத்தில் சக்கரம் சறுக்கியது. வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. கோயில் படிக்கட்டின் கல்லுக்கும் வண்டிக்கும் நடுவே அவர் கால் அகப்பட்டது; கொதிக்கும் குழாய் கணுக்காலின் மேல் படிந்தது.

அவர் அலறினார். அப்போது பெண்கள் குலவையிட்டார்கள். அம்மன் இறங்கிவிட்டாள் என்று பம்பைக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். ஒரு மனிதனின் தசை வெந்துகொண்டிருக்கிறது, அதைச் சுற்றி நின்று ஓர் ஊர் குலவையிடுகிறது! வண்டியைத் தூக்க ஓடினவர்கள் இருவர்தாம், நானும் மாதம்மாளும்.

பிறகு நடந்ததை யாரேனும் எனக்குச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். காலைத் துணியால் இறுக்கிச் சுற்றச் சொன்னார். ஒரு மாட்டுவண்டியின் நுகத்தடி மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். “சுத்தியாச்சுல்ல? மாட்டைக் கொண்டாங்கடா!” என்று கூவினார். ஒவ்வொரு மாடாக அவர் முன்னே கொண்டுவந்து நிறுத்த, மருந்து தீரும்வரை ஊசி போட்டார். வலியில் பல் கிட்டித்தது. நடுவே ஒருவனைப் பார்த்து, “குதிகால்ல முள்ளு நிக்குது, எடுடா முட்டாளே” என்றார். பெரியதனக்காரரின் தொழுவத்து மாடுகளும் அந்த வரிசையில் வந்தன. அவற்றுக்கும் போட்டார்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் அவர் வலப் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள்.

அடுத்து அவருடைய மேலதிகாரி வந்தார். கட்டிலருகே நின்று விசாரித்தார். “பூட்ஸ் அணியாமல் வண்டி ஓட்டியது யார் குற்றம்?” என்று கேட்டார். கேளுங்கள் இந்த அநியாயத்தை! அந்தச் சீமை முழுவதிலும் காலுக்காக வாய் ஓயாமல் கத்திய ஒரே மனிதரை, காலைக் காக்கத் தவறியவர் என்று முடிவு கட்டி வேலையிலிருந்து விலக்கினார்கள். ஊரிலோ, பூட்ஸ் போட்டுத் திமிராகத் திரிந்த காலை அம்மன் வாங்கிக்கொண்டாள் என்றார்கள். மாதம்மாளின் ஓர் எருது செத்தது, மற்றது பிழைத்தது. பிழைத்த மாடுகள் எல்லாம் மூன்று சுற்றினால் பிழைத்தன என்றார்கள். மருந்தைப் பற்றிப் பேச ஒரு நாவும் இல்லை.

அவர் நல்லம்பள்ளியில் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். வருகிற மாடுகளுக்கு உட்கார்ந்தபடியே வைத்தியம் செய்தார். பாதத்தை எப்போதும் துணியால் சுற்றி வைத்திருந்தார்; எவருக்கும் காட்டியதில்லை. அதைப் பற்றி அவர் கோபப்பட்டும் நான் கேட்டதில்லை. அதுதான் என்னை மிகவும் வருத்தியது.

மறு ஆண்டு அந்த ஊரிலிருந்து எனக்கு ஆள் வந்தது. “போன வருச மாதிரியே நடத்தறோம் சாமி. புது டாக்டரு கிட்டச் சொல்லியாச்சு. வெறுங்காலோட மூணு சுத்து. மஞ்சத் தண்ணிக்குக் கொடம் சேத்துக்கிட்டு இருக்கறாங்க.”

ஒரு மனிதனின் காலைத் தின்ற தவறு, ஓர் ஆண்டுக்குள் வழிபாடாகியிருந்தது. நேரே நல்லம்பள்ளிக்குப் போய் அவரிடம் சொன்னேன். அவர் எழுந்தார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, “வண்டி பூட்டச் சொல்லுங்க” என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த எல்லைக்கல் அருகே புதிய வைத்தியர் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தார். மீசை அரும்பிய இளைஞர். ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டார். மற்றதன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பம்பை முழங்கத் தொடங்கியிருந்தது. வாகனத்தை எதிர்கொள்ளப் பெரியதனக்காரரும் ஊராரும் எல்லைக்கு வந்திருந்தார்கள்.

“போடுங்க தம்பி அதை” என்றார் என்னுடன் வந்தவர்.

“ஊரு வழக்கமுன்னு சொல்றாங்களே, ஐயா. நீங்க யாரு?”

அவர் எல்லைக்கல்லின் மேல் உட்கார்ந்தார். ஊர் பார்க்கப் பாதத்தில் சுற்றிய துணியை அவிழ்த்தார். விரல்கள் இருந்த இடத்தில் மழுங்கிய சிவந்த தோல் இழுத்துத் தைக்கப்பட்டிருந்தது. கணுக்காலில் குழாயின் தடம் பதிந்திருந்தது.

“இதான் அந்த வழக்கம். நல்லாப் பாருங்க” என்றார்.

அந்த இளைஞர் பார்த்தார். குனிந்து, கழற்றிய பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பெரியதனக்காரர் அதே மென்மையான குரலில், “அம்மன் எடுத்துக்கிட்டது டாக்டரு. அதுக்கு யாரை நொந்துக்கறது?” என்றார்.

“அம்மனுக்கு என் வெரலு எதுக்குங்க?” அவருடைய பழைய குரலை அன்று மீண்டும் கேட்டேன். “ஒலகத்துக்கே சோறு போடறவ. எம்மேல பழி சொல்லுங்க, வாங்கிக்கறேன். அவமேல சொல்லாதீங்க. எடுத்தது அவ இல்ல, நீங்க. நீங்களும் உங்க மஞ்சத் தண்ணியும்!”

“அப்ப இந்த வருசம் ஊசி வேணாம். வண்டி சுத்தாத ஊசி எங்களுக்கு எதுக்கு?” என்று கூறிவிட்டுப் பெரியதனக்காரர் திரும்பினார். கூட்டமும் அவரோடு திரும்பியது.

மாதம்மாள் திரும்பவில்லை. கூட்டத்தை விட்டு விலகித் தன் தொழுவத்துக்கு நடந்தாள். பிழைத்த எருதையும், அதற்கு இணையாகப் புதிதாக வாங்கிய கன்றையும் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள்.

“எங்க போறே? காப்புக் கட்டியிருக்குது” என்றார் பெரியதனக்காரர்.

“மாட்டுக்கு நாலு காலு இருக்குதுங்க. நடந்து போயிட்டு நடந்து வரும்” என்று சொல்லி, அவள் எல்லைக்கல்லைத் தாண்டினாள். வானம் இடியவில்லை. அவளுக்குப் பின் ஒருத்தி வந்தாள். பிறகு அண்ணன் தம்பி இருவர். பிறகு யார் முன், யார் பின் என்று சொல்ல முடியாதபடி மாடுகளும் மனிதருமாக எல்லைக்கு வெளியே இருந்த புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். இளைஞர் பூட்ஸ் காலோடு நின்று ஊசி போட்டார். இவர் கல்லின் மேல் அமர்ந்தபடி, கழுத்தைப் பிடி, கொம்பை விடு என்று அதட்டிக்கொண்டிருந்தார். பெரியதனக்காரர் தம் மாடுகளை அனுப்பாமல் கோயில் நிழலில் தனியே நின்றார்.

போன ஆண்டே இவ்வளவும் இப்படியே நடந்திருக்கலாம். அப்போதும் மாட்டுக்கு நாலு கால்தான்.

வேலை முடிந்ததும் பெண்கள் சிலர் குடங்களோடு வந்தார்கள். பாதைக்கென்று சேர்த்த மஞ்சள் நீர் அது. அவர்களில் ஒருத்தி அவர் முன்னே அமர்ந்து, அந்த மொட்டைப் பாதத்தைக் கையில் ஏந்தி, நீர் வார்க்கத் தொடங்கினாள். “அம்மன் தொட்ட காலு” என்றாள். மற்றவர்கள் கைகூப்பினார்கள். ஒருத்தி குங்குமம் எடுத்தாள்.

அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“எந்திரிங்க! கும்புடாதீங்க அதை! வண்டி நல்லா இருந்தப்ப வண்டியக் கும்புட்டீங்க, காலு போனதும் காலைக் கும்புடறீங்க. பாடுபட்டது மருந்து, செத்தது ஒரு எருது, போனது என் வேலை. எங்கயாச்சும் அதையெல்லாம் யாராச்சும் நெனச்சுப் பாத்தீங்களா?”

அந்தப் பெண் திகைத்து எழுந்தாள். குடம் கவிழ்ந்து மஞ்சள் நீர் மண்ணில் ஓடியது. அவர் என் தோளைப் பற்றிக்கொண்டு நின்றார். ஈர மண்ணில் ஊன்றுகோல் நழுவியது. இளைஞர் ஓடிவந்து மறுபக்கம் தாங்கினார். இருவருமாக அவரை மெல்ல மெல்ல மாட்டுவண்டிக்கு நடத்திச் சென்றோம்.